பெயர் வேண்டாப் பேரறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மருந்தின் பெயர் நோயாளியின் நாவில் நிலைக்கிறது. அதனைக் கண்டளித்தவர் பெயர் பெரும்பாலும் நிலைப்பதில்லை. பாட்டுக்குப் புலவர் பெயர் உண்டு; நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. மாத்திரை உறையின்மீதோ நிறுவனத்தின் பெயர் மட்டுமே அச்சேறுகிறது. யானைக்கால் நோயைத் தடுக்கும் மாத்திரையைப் புதுவை மக்கள் தலைமுறை தலைமுறையாக விழுங்கி வந்துள்ளனர். கருவுற்ற பெண்டிர்க்கு அரசு மருத்துவமனைகளில் ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது. குருதிப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கு மெதோட்ரெக்சேட் செலுத்தப்படுகிறது. இம்மூன்றின் பின்னும் நிற்கும் மனிதர் ஒருவரே. அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சித்தானந்த சுவாமிகள் திருக்கோயிலாலும் பாரதியார் உலவிய மாந்தோப்பாலும் பெயர்பெற்ற கருவடிக்குப்பத்தில் ஆந்திர நாட்டு அறிவியலார் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமற்றதன்று. புதுவை ஆட்சிப்பகுதியின் ஓர் உறுப்பாகிய ஏனாம், கோதாவரிக் கரையில் அமைந்தது. அந்தக் கோதாவரி வளநாட்டில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் பயின்று, அமெரிக்க மண்ணில் மறைந்தவர் சுப்பாராவ். அவர் கண்ட மருந்து ஒன்று புதுவையிலும் காரைக்காலிலும் ஆற்றிய பணி பெரிது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறுபணி ஆற்றியவர். அன்னையார் வெங்கம்மா. வறுமை அக்குடும்பத்தில் நிலையாகக் குடிகொண்டிருந்தது. சிறுவர் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதளவில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவர் கருத்து. அன்னையார் அவரைத் தேடி மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். கணவரை இழந்த பின்னரும் அவ்வம்மையார் மனந்தளரவில்லை. தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது. துறவு பூண விழைந்தார். ஆனால் அன்னையார் இசையவில்லை. அன்னையின் இசைவின்றித் துறவு தர மடத்தாரும் ஒருப்படவில்லை. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்னும் அறிவுரையே அவருக்குக் கிடைத்தது. அவ்வாறே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்ற காலம் நாட்டு விடுதலை வேட்கை கொழுந்துவிட்ட காலம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அயல்நாட்டுத் துணியைத் துறந்தார். அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராடையே அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். ஏனைய பாடங்களில் நன்கு தேறியபோதும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றும் இடம் பெறவில்லை. ஒரு கதர்ச் சட்டைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

உடன்பிறந்தார் இருவர்

இதற்கிடையே 1919இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியார் பெயர் சேஷகிரி. திருமணம் நடந்த சில ஆண்டுகளுக்குள் அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ எனப்படும் கொடிய கழிச்சல் நோய்க்குச் சுப்பாராவின் தமையனாரும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமல் உடல் வற்றி, குருதி வெளிறி, மெல்ல மெல்ல உயிர் மாயும் நோய் அது. நாட்டு மருத்துவர் இத்தகைய நோயைக் கிராணி என்பர். அதன் காரணம் அன்று எவருக்கும் தெரியாது. மருத்துவம் பயின்ற சுப்பாராவ் தம் உடன்பிறந்தார் இருவரையும் காக்க வழியறியாது கைபிசைந்து நின்றார்.

அவரையும் அந்நோய் பற்றியது. உயிர் பிழைத்தது ஆயுர்வேத மருத்துவத்தால் என்பர். மருத்துவம் செய்தவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த ருக்மணி லட்சுமிபதி அம்மையாரின் கணவர் அவர். லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகப் பணியேற்றார். நாட்டு மருந்துகளின் ஆற்றலை நவீன ஆய்வுமுறையால் மெய்ப்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே அவருக்கு முளைத்தது. அதற்கான கல்வி இங்கே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் உதவினர். மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக மனைவியாரிடம் உறுதிகூறிக் கப்பலேறினார். அவ்வுறுதி நிறைவேறவில்லை. தாய்நாட்டு மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு ஓராண்டும் நிறையுமுன் இறந்தது. தந்தை முகத்தை மகனும் மகன் முகத்தைத் தந்தையும் கண்டதில்லை.

பாஸ்டன் நகரில்

1922 அக்டோபர் 26ஆம் நாள் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். கையிருப்பு விரைவில் கரைந்தது. பள்ளியின் தலைவர் ரிச்சர்டு ஸ்டிராங் தொடக்கத்தில் ஆதரவு நல்கினார். மருத்துவப் பட்டம் பெற்றிருந்தும் அமெரிக்காவில் மருத்துவத் தொழில் செய்ய அவருக்கு உரிமையில்லை. மருத்துவமனையொன்றில் இரவுநேர ஊழியராக அமர்ந்து, நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்து வயிறு வளர்த்தார். இரவில் ஏவலர், பகலில் மாணவர்.

வெப்பமண்டல மருத்துவப் படிப்பை முடித்தபின், ஓட்டோ ஃபோலின் தலைமையிலான உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை எளிதிற் காணும் முறை ஒன்றை இருவரும் வகுத்து 1925இல் வெளியிட்டனர். பாஸ்பேட்டோடு மாலிப்டேட்டைச் சேர்த்து உரிய வேதிப்பொருளால் மாற்றினால் நீலநிறம் தோன்றும். நீலத்தின் அழுத்தமே பாஸ்பரசின் அளவைச் சொல்லும். இதுவே ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை. உயிர்வேதியியல் மாணவர் பல தலைமுறையினர் இம்முறையைக் கற்றனர்.

கருவி கைக்கு வந்ததும் இருவரும் தசையை ஆராய்ந்தனர். தசை சுருங்குதற்குரிய ஆற்றல் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறுவதால் நேரே கிடைக்கிறது என்பது அன்றைய கொள்கை. தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவரும் 1922ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளைத் தசையில் கண்டனர். தசை உழைக்கும்போது அது சிதைகிறது; ஓய்வில் மீண்டும் உருவாகிறது. 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். பழைய கொள்கை கைவிடப்பட்டது.

இவ்விரு பொருள்களின் பெருமை தசையோடு முடிவதன்று. மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே எனினும், ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கொள்கிறது. நரம்பணுவின் உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் அயனிகளை இடம் மாற்றி அடுத்த துடிப்புக்கு அதனை ஆயத்தம் செய்வது ஏ.டி.பி.யின் ஆற்றலே. ஏ.டி.பி. குறையும்போது உடனே ஈடுசெய்யும் சேமிப்பாக மூளையிலும் பாஸ்போகிரியாட்டின் இருக்கிறது. சிந்தனையும் நினைவும் கவிதையும் இந்தப் பாஸ்பேட்டுப் பிணைப்புகளைச் செலவிட்டே பிறக்கின்றன. பின்னாளில் வளர்ந்த நரம்பு வேதியியலுக்கு இக்கண்டுபிடிப்புகள் அடித்தளமாயின.

1930இல் முனைவர் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி வழங்கப்படவில்லை. ஃபிஸ்க்கின் பெயரே முன்னின்றது. சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில, ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராது போயின என்றும், பல்லாண்டுகட்குப் பின் பிறர் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும் அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். ஹிட்சிங்ஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவோ இதுபற்றி வழக்காடியவரல்லர். ஆய்வு முடிந்ததும் அடுத்த ஆய்வுக்குச் செல்வதே அவர் இயல்பு.

ஈரலிலிருந்து இலைக்கு

உடன்பிறந்தாரைக் கொன்ற நோயை அவர் மறந்திலர். ஸ்ப்ரூ நோயிலும் வேறு சில சோகைகளிலும் குருதியணுக்கள் பருத்து முதிர்ச்சியின்றிக் காணப்படும். ஈரல் சாறு கொடுத்தால் அவை சீரடைதல் உண்டு. ஈரலில் மறைந்துள்ள மருந்துப்பொருள் யாது என்னும் வினா அவரை ஹார்வர்டிலேயே பற்றிக்கொண்டது. இவ்வினாவுக்கு இந்திய மண்ணிலும் ஒரு தொடக்கம் உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளர் பெண்டிரின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதனை நீக்குதலைக் கண்டறிந்தார். 1941இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாக்கி, இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

சுப்பாராவ் 1940இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். ஹார்வர்டில் கிடைக்காத ஆட்களும் கருவிகளும் இங்கே கிடைத்தன. அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் செயற்கையாக ஆக்கியும் காட்டினர். அதனை அறிவித்த கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் உள்ளன. பணியை இயக்கிய சுப்பாராவின் பெயர் தலைப்பில் இல்லை. ஏனையோரிடையே ஒன்றாக நடுவில் அடங்கி நிற்கிறது.

தாமஸ் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இப்புதிய மருந்தைக் கொடுத்தார். அவர்களுக்கு நாவின் புண் ஆறியது, பசி மீண்டது, குருதி ஊறியது. சென்னை மாகாணத்தில் ஒரு வீட்டில் இரு பாடைகள் எழுந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அன்று கைபிசைந்து நின்றவரே அந்நோய்க்கு மருந்தளித்தார். ஆயினும் அவர் தேடிய பொருள் முழுதும் கிட்டிவிடவில்லை. கொடுஞ்சோகை எனப்படும் பெர்னீசியஸ் சோகையில் நரம்புகள் கெடுதலை ஃபோலிக் அமிலம் தடுக்காது. அதனைத் தடுக்கும் வைட்டமின் பி12, 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேறு ஆய்வாளர்களால் ஈரலிலிருந்து பிரிக்கப்பட்டது.

ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு பயன் அவர் மறைந்த பின்னரே தெளிவாயிற்று. ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. முன்பு குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார் மீண்டும் கருவுறுதற்கு முன்பிருந்தே இம்மருந்தை உட்கொண்டால், மூளையும் முதுகுத் தண்டும் சரிவர மூடாது பிறக்கும் குறை 72 விழுக்காடு குறையும் என்று அது நிறுவியது.

நஞ்சே மருந்தாக

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் அறிஞராயிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் கூட்டுப்பொருள்களைக் குருதிப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்து வளர்ந்ததுபோல் தோன்றியது. அங்ஙனமாயின் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கக்கூடுமன்றோ? வடிவில் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, செயலில் அதற்குப் பகையான பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கியளித்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். உணவென்று கருதி அதனை ஏற்கும் புற்றணு, புதிய டி.என்.ஏ. ஆக்க இயலாமல் பெருக்கம் நின்று மடியும்.

1947இன் இறுதியில் ஃபார்பர் அதனைக் குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். அன்றுவரை அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ திங்களிலோ இறப்பது உறுதி. கடுநோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948 ஜூன் திங்களில் வெளியான கட்டுரை அறிவித்தது. முன்னேற்றம் தற்காலிகமானதே, நோய் திரும்பியது. எனினும் குருதிப் புற்று மருந்துக்குப் பணியும் என்பது முதன்முறையாகத் தெரிந்தது. அமினோப்டெரினுக்கு உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. அது முடக்குவாதத்துக்கும் காளாஞ்சகப்படைக்கும் கூட மருந்தாகிறது. மூளையில் ஒளிந்துகொள்ளும் புற்றணுக்களை அழிக்க முதுகுத்தண்டு நீரிலும் அது செலுத்தப்படுகிறது. பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் இன்றைய முறையால், மருத்துவ வளமிக்க நாடுகளில் இந்நோயின் பெரும்பான்மை வகையுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பதின்மர் அளவினர் பிழைக்கின்றனர்.

யானைக்காலும் பொன்னிற மருந்தும்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர் பலரை யானைக்கால் நோய்க் கிருமி பற்றியது. அதற்கு மருந்து தேடும் பணியைச் சுப்பாராவின் ஆய்வகம் மேற்கொண்டது. அத்தகைய புழுக்கள் பற்றிய பருத்தி எலிகளிடம் எண்ணற்ற வேதிப்பொருள்களைச் சோதித்தனர். இறுதியில் டை எத்தில் கார்பமசைன் தேறியது. ஹெட்ரசான் என்னும் பெயரில் 1947இல் அது வெளிப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவில் மக்களிடம் பயன்கண்டது. வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் குருதியில் உலவும் நுண்புழுக்களை அழித்து, கொசு வழியாக நோய் மற்றவர்க்குப் பரவாமல் தடுக்கும்.

இம்மருந்தின் பயனைப் புதுவை நன்கறியும். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இந்நகரின் பழம்பகை. 1975இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்நகரில் யானைக்கால் ஒழிப்புக்கான பெருந்திட்டத்தை நடத்தியது. காரைக்காலில் 1980களில் சமையல் உப்பிலேயே இம்மருந்தைக் கலந்து மக்களுக்கு வழங்கி நோய் பரவுதலைப் பெரிதும் குறைத்தனர். சோற்றில் இட்ட உப்பே மருந்தாயிற்று. உண்டவர்களுள் சுப்பாராவின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர் இருப்பர்?

நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தேடும் பணியையும் அவர் தொடங்கிவைத்தார். எழுபது வயது கடந்து பல்கலைக்கழகப் பணி ஓய்வு பெற்றிருந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கரை ஆய்வகம் ஏற்றுக்கொண்டது. பல்வேறிடங்களிலிருந்து தருவித்த மண்ணை டக்கர் ஆராய்ந்தார். மிசௌரி மாநில வயலொன்றின் மண்ணில் பொன்னிறப் பொருளை ஈனும் நுண்ணுயிர் 1945இல் கிட்டியது. அப்பொருளே ஆரியோமைசின். பெனிசிலினுக்குப் பணியாத கிருமிகள் பலவற்றையும் அது அடக்கியது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1994இல் சூரத் நகரில் கொள்ளைநோய் அச்சம் எழுந்தபோது மக்கள் நாடியது இக்குடும்பத்து மருந்தையே.

மறைவும் நினைவும்

1948ஆம் ஆண்டு அவர் பணியின் உச்சம். அமினோப்டெரின் பற்றிய கட்டுரை ஜூன் திங்களில் வெளிவந்தது. ஆரியோமைசின் ஜூலையில் அறிவிக்கப்பெற்றது. ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் காலையில் சுப்பாராவ் எழவில்லை. உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். அகவை 53. அவர் பிறந்த நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைய இன்னும் ஆறு நாள்கள் இருந்தன. 1946இல் சட்டம் திருந்தி இந்தியர்க்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழி திறந்தும், அவர் அதனைப் பெறாமலே மறைந்தார். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்தும் அயலவராகவே வாழ்வை முடித்தார்.

நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் இளைய ஆய்வாளர்களை முன்னிறுத்திவிட்டுப் பின்வரிசையில் அமரும் பண்பினர் அவர். துறவு பூண விழைந்த இளைஞர் காவியணியாமலே துறவியானார் எனலாம். ஆனால் அத்துறவின் சுமையை அவர் மட்டும் சுமக்கவில்லை. மூன்று ஆண்டுகள் என்று எண்ணிக் காத்திருந்த சேஷகிரி அம்மையாரும் சுமந்தார். நகை விற்றுப் படிக்கவைத்த அன்னையாரும் சுமந்தார். அவர்தம் பெருமையைச் சொல்லும்போது இவ்விரு பெண்களையும் மறத்தல் அறமாகாது.

நுண்காளான் இனம் ஒன்றுக்கு அறிவியலார் 1953இல் அவர் பெயரால் சுப்பரோமைசஸ் என்று பெயரிட்டனர். நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோக, செம்புலப்பெயல்நீரார் என்பதுபோலத் தாம் பாடிய தொடரே அவர்க்குப் பெயராய் அமைந்தது. சுப்பாராவின் நிலையும் அத்தகையதே. ஆய்வுக்குழாயில் தோன்றும் நீலநிறத்தோடு அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. மற்ற இடங்களில் அவர் ஆக்கிய பொருள்கள் மட்டுமே, ஆக்கியவர் பெயரின்றி, நோயுற்றோர் உடலில் தம் பணியைச் செய்துகொண்டிருக்கின்றன.